தலைவரின் மஞ்சள் நாடாக்கள்

இதனால் கொரிய நாட்டின் சகல மலைகளுக்கும், அவற்றில் வாழும் மரஞ்செடிகொடிகளுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: 'நேர்வழி' மலைநடைச் சங்கத்தின் தலைவர் மாண்புமிகு பியோன் ஹாக்-சு, வருகிற ஞாயிற்றுக்கிழமை நெடுநடைப் பாதையின் ஏழாம் பகுதியைத் தம் பாதங்களால் மீண்டும் பெருமைப்படுத்த இருக்கிறார்.

அந்த ஏழாம் பகுதி மா சுன்-போக்கின் கஷ்கொட்டைத் தோப்புக்குள் புகுந்து போகிறது. பாதை போட வந்தவர்களிடம், நடந்துதானே போகப்போகிறார்கள் என்று அவளும் தலையாட்டிவிட்டாள். நடந்துதான் போனார்கள், பை நிறையக் கஷ்கொட்டையோடு. போன வருஷம் பாதையோர மரங்களில் அவளுக்கு மிஞ்சியது கொட்டையை மூடியிருந்த வெறும் முள் ஓடுதான். பாதையிலிருந்து கண்ணில் படாத பின்சரிவு மரங்கள் காய்த்ததால் தோப்பை விற்காமல் பிழைத்தாள்.

பாதை அலுவலகத்தில் போய்க் கத்தினாள். "விருந்தாளிங்கம்மா, கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க" என்றார்கள்.

பாதையில் நட்டிருக்கும் அரசாங்க அம்புக்குறியில் கைவைத்தால் வழக்கு. ஆனால் சங்கங்கள் போகிற வழியெல்லாம் அடையாளத்துக்குக் கிளைகளில் கட்டிவிட்டுப் போகும் நாடாக்களுக்கு எந்தச் சட்டமும் இல்லை. நேர்வழிக்காரர்களின் மஞ்சள் நாடாவில் சங்கத்தின் பெயரைவிடத் தலைவரின் பெயர்தான் கொட்டை எழுத்தில் இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் சுன்-போக் அவற்றை அவிழ்த்து, தோப்புக்கு முன்பே இடதுபுறம் பிரியும் ஒற்றையடித் தடத்தில் வரிசையாகக் கட்டினாள். அந்தத் தடம் மேட்டிலிருக்கும் பன்றிப் பண்ணையின் கழிவுக் குட்டையோடு முடிந்துவிடும்.

ஞாயிறன்று களை பிடுங்குகிற சாக்கில் தடம் பிரியும் இடத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். இமயத்துக்குப் போகிற உடுப்போடு கூட்டம் வந்தது.

"அம்பு நேரா காட்டுது தலைவரே" என்றாள் செயலாளர் தோ மி-ரான்.

"அம்பு எவனோ சம்பளத்துக்கு நட்டது. நாடா நான் என் கையால கட்டினது. எதை நம்புற?"

"போன தடவை இப்படித் திரும்பின ஞாபகமே இல்லையே..."

"உனக்கு ஞாபகம் இருந்தா நீ ஏன் செயலாளரா இருக்க?" தலைவர் சுன்-போக்கைப் பார்த்துச் சிரித்தார். "என்னம்மா, கஷ்கொட்டை நல்லா காய்ச்சிருக்கா?"

"உங்க வாயில வந்து விழுற அளவுக்கு இல்ல. நடங்க."

நடந்தார்கள். சற்று நேரத்தில் மேட்டிலிருந்து குரல்கள் இறங்கி வந்தன.

"ஐயோ, என் பூட்ஸு!"

"தலைவரே, இது பன்னிப் பண்ணை!"

"தெரியும்யா. தெரிஞ்சுதான் கூட்டிட்டு வந்தேன்."

"எதுக்கு? மோந்து பாக்கவா?"

சுன்-போக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். திரும்பி வரட்டும், முகத்தைப் பார்க்க வேண்டும் என்று காத்திருந்தாள். ஆனால் உறுப்பினர்கள் எதிரில், வந்த வழியே திரும்புகிற தலைவர் அந்த நாட்டில் இன்னும் பிறக்கவில்லை.

"இங்கேருந்து நேரா கீழ இறங்குறோம்" என்றது தலைவரின் குரல். "எந்தச் சங்கமும் போகாத புது வழி. நாடாவை எடு!"

சிரிப்பு நின்றது. மேட்டிலிருந்து நேராகக் கீழே இருப்பது அவளுடைய பின்சரிவு. களைக்கொத்தோடு அவள் மூச்சிரைக்க ஓடிச் சேர்வதற்குள் கூட்டம் மரங்களுக்கடியில் கஷ்கொட்டை பொறுக்கக் குனிந்திருந்தது. தலைவர் கிளையில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"வெளிய போங்கய்யா! திருட்டுக் கும்பலே!"

"கோவப்படாதீங்கம்மா. உங்க தோப்புக்கு இப்பதான் பேரு கிடைச்சிருக்கு."

அடுத்த ஞாயிறு மற்ற சங்கங்களும் நாடாவைப் பார்த்துப் பின்சரிவு வழியாகவே வந்தன. தோப்பு இப்போது விற்பனைக்கு இருக்கிறது.