பள்ளத்துப் பக்கத்துத் திருகு

குனிந்தால் நிமிர முடியவில்லை, நிமிர்ந்தால் குனிய முடியவில்லை. அப்படியோர் இடுப்பு வலி வெல்டருக்கு. பட்டறையில் குந்தி உட்கார்ந்து பற்றவைத்த வலி போதாதென்று, வீட்டுப் பின்னறையில் தரையோடு தரையாகக் கிடந்து, நிலநடுக்கம் அறிய அவனே செய்த ஊசலைப் பார்த்த வலியும் சேர்ந்துகொண்டது. அன்று காலை சுவரைப் பிடித்தபடி அக்காவைக் கூப்பிட்டான். ஒரே வீட்டை நடுச்சுவர் எழுப்பி இரண்டாக்கியிருந்தார்கள். அந்தப் பாதியில் அக்காவும், லாரியிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே செத்துப்போன மாமாவும்.

"ஒரு திருகு திருப்பணும், வாக்கா."

"எது, உன் மண்டைக்குள்ள கழண்டு கெடக்கே, அதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

தரையை வெட்டி, மண்ணில் காரைபோட்டு ஒரு கட்டை எழுப்பியிருந்தான். அதன்மேல் மூன்று திருகுக் காலில் நிற்கும் இரும்புச் சட்டம். சட்டத்திலிருந்து வாசல் கேட்டைப் போலப் பக்கவாட்டில் ஒரு கம்பி நீண்டிருக்கும். அதன் நுனியில் இரும்புக் குண்டு, குண்டுக்குக் கீழே காந்தம், காந்தத்தைச் சுற்றிச் செப்புக்கம்பிச் சுருள். பூமி எங்கே அசைந்தாலும் சட்டம் அசையும், குண்டு தயங்கும், பழைய கம்ப்யூட்டர் திரையில் கோடு நெளியும். சட்டத்தின் சாய்வை மயிரிழை மயிரிழையாகக் குறைத்து, குண்டு ஒருமுறை போய்வர இருபது விநாடி பிடிக்கும்படி செய்திருந்தான். எவ்வளவு மெதுவோ அவ்வளவு கூர்மை. கடலுக்கு அப்பால் எங்கோ நடந்த நிலநடுக்கத்தை அது பிடித்த நாளில், கல்யாணவீடு மாதிரி தெருவுக்கே மிட்டாய் கொடுத்தான்.

ஒரே ஒரு தொல்லை. குண்டு நடுவில் நிற்காது. விடிந்து பார்த்தால் ஒரு பக்கம் ஒதுங்கிக் கிடக்கும். சுருள் சுற்றிக் கொடுத்தவர் மோட்டார் பழுதுபார்க்கிறவர்; அவரும் இப்படி ஓர் ஊசல் செய்து வைத்திருந்தார். அந்த மோட்டார்க்காரர், "வெல்டிங் சரியில்ல வெல்டரே" என்று சொன்னதில் மானம் போய், சட்டத்தை அறுத்துப் புதிதாகப் பற்றவைத்தான். காரைக் கட்டையை உடைத்து வேறு மூலையில் போட்டான். அப்படியும் ஒதுங்கியது.

"எந்தத் திருகு?" என்றாள் அக்கா.

"பள்ளத்துப் பக்கம். கொஞ்சமா ஏத்து."

அக்கா திருகினாள். "தெனமும் இதத்தான ஏத்துற? மத்தது என்ன பாவம் பண்ணுச்சு, அதையும் ஒருநாளு ஏத்தேன்."

வெல்டர் சிரிக்க வாயெடுத்தான். சிரிப்பு வரவில்லை. வலியை மறந்து தரையில் படுத்துத் திருகைப் பார்த்தான். மற்ற இரண்டும் கட்டையோடு கட்டையாக இருந்தன. பள்ளத்துப் பக்கத்துத் திருகில் மட்டும் மரை தீரப்போகிறது.

வீட்டுக்குப் பின்னால் கைவிட்ட கல்குவாரிப் பள்ளம், தண்ணீர் நிரம்பிக் குளமாகக் கிடந்தது. மழைக்கு முந்தி யாரோ குத்தகை எடுத்து, மோட்டார் வைத்து அந்தத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை காலம் கரையைத் தாங்கிப் பிடித்திருந்தது அந்தத் தண்ணீர்தான். ஊசல் சாயவில்லை. வீடுதான் பள்ளத்தைப் பார்த்துச் சாய்கிறது. அதை அவனே தினமும் விடியற்காலையில் எழுந்து, திருகைத் திருப்பி, சாயவில்லை என்று சரிசெய்து வைத்திருக்கிறான்.

தன்னையே நம்பாமல் மோட்டார்க்காரரின் ஊசலைத் தூக்கிவந்து அக்கா பாதியில், மாமா கட்டிலுக்கு அடியில் வைத்துப் பார்த்தான். வேறு கை செய்த சட்டம், வேறு கட்டை. அதுவும் பள்ளத்துப் பக்கமே ஒதுங்கியது. குத்தகைக்காரரின் குவாரி ஆபீசுக்கு ஓடினான். சூப்பர்வைசர் பொறுமையாகவே கேட்டார். "சுவர்ல விரிசல் இருக்கா? கதவு சிக்குதா?"

"இல்ல சார்."

"அப்புறம் எத வச்சு நான் மேல சொல்றது?"

நியாயமான கேள்விதான். அக்காவிடமும் அதே கதை.

"தொங்குற குண்டு சொல்லுச்சுன்னு வீட்டக் காலி பண்ணணுமா? டேய், இந்தக் கூரைத் தகடு ஒவ்வொண்ணும் நான் தையல் மிஷின் மிதிச்சு வாங்குனது. தார்ப்பாய்க்குக் கீழ எத்தன மழைக்கு நனைஞ்சோம், மறந்துட்டியா? செத்தா இங்கயே சாவுறேன், போ."

"நீ ஓடிருவக்கா. மாமா?"

அவள் மறுபடி மிஷினை மிதித்தாள்.

மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. கரை ஊறினால் அவ்வளவுதான். கெஞ்சினான், திட்டினான், காலில் விழுந்தான். ஒன்றும் நடக்கவில்லை. தைத்த துணிகளைக் கொடுக்க அக்கா கடைக்குப் போன நேரத்தில், ஸ்பேனரை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் பாதிக் கூரைமேல் ஏறினான்.

முதல் தகடு கழன்றதும் கட்டிலில் கிடந்த மாமா மேலே பார்த்தார். "என்ன மாப்ள, திடீர்னு விடிஞ்சிருச்சு?"

"கோவப்படாதீங்க மாமா. கூரை இருக்கிறவரைக்கும் அவ வீட்ட விட்டு எறங்க மாட்டா."

மாமா வானத்தைப் பார்த்தபடி சொன்னார். "ஏங்கிட்ட யாருமே கேக்கலியே, எனக்கு பயமா இருக்கான்னு." பிறகு, "வெரசா முடி. அவ வந்தாள்னா உன்னையும் என் பக்கத்துல படுக்கப் போட்ருவா" என்றார்.

இடுப்பு வெட்டி இழுத்தது. தகட்டைத் தாங்கி இறக்கத் தெம்பில்லை. ஒவ்வொன்றாகக் கீழே தள்ளினான். விழுந்தவை மடங்கின. கடைசித் தகடு விழும்போது அக்கா தெருவில் நின்றிருந்தாள். குனிந்து, சிதறிய நட்டுகளைப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டாள். அதைப் பார்க்க முடியாமல் அவன் அந்தப் பக்கமாக இறங்கினான்.

மோட்டார்க்காரரின் கொட்டகையில் எல்லோரும் ஒண்டினார்கள். வார்னிஷ் நெடியில் மாமாவுக்கு இருமல் பிடித்தது. மழை பெய்து ஓய்ந்தது, மறுபடி பெய்தது. வீடு நின்றது.

"என்ன வெல்டரே, எப்ப விழுது? லீவு போட்டு வந்து பாக்கணும்" என்று பட்டறையில் கேட்டார்கள். மாமாவின் இருமல் நெஞ்சுக்கு இறங்கியது. வேலை முடிந்ததும் வெல்டர் வீட்டெதிரே போய் நின்றான். மேலே வெறும் கூரைச் சட்டம், உள்ளே தேங்கிய மழைத்தண்ணீர், ஊறி உப்பிய கட்டில். விழு சனியனே, விழுந்து தொலை என்று பல்லைக் கடித்துக்கொண்டு வேண்டினான். வேண்டியது எதை என்று உறைத்ததும் உடம்பு கூசியது. ஆனாலும் நகரவில்லை.

பின்னால் வந்து நின்றது அக்கா.

"விழுந்துச்சா?"

"இல்லக்கா."

"விழுமா?"

"விழும்."

"விழலன்னா?"

அவன் அவள் பக்கம் திரும்பினான். கொட்டகையிலிருந்து மருந்துக் கடைக்குப் போகிற வழியில் வந்திருக்கிறாள். கையில் மருந்துச் சீட்டு இருந்தது.

"இங்க பாரு. விழுந்தா நீ எங்க உசுரக் காப்பாத்துனவன். விழலன்னா பைத்தியக்காரன். அத ஊரு பேசிக்கட்டும், எனக்கு வேணாம். என் தகடக் கழட்டுனது நீ. மடங்க வச்சதும் நீ."

"தெரியும்க்கா."

"இந்த எடத்துல வேணாம். எந்த எடத்துலயோ. ஆனா என் கூரை எனக்கு வேணும்."

அவள் மருந்துக் கடைக்குப் போனாள். அவன் தன் தமக்கைக்கு ஒரு கூரை கடன்பட்டிருந்தான்.