நாற்பத்தோராவது கைநாட்டு

என் ஆராய்ச்சியோட தலைப்பைக் கேட்டா சிரிப்பீங்க. 'உள்நோயாளிகளிடம் செவிலியர் காட்டும் பரிவு.' அறுபது நோயாளிங்களைக் கேள்வி கேட்டு, பரிவுக்கு மார்க் போட்டவ நான். பேரு துளசி. செவிலிமேட்டுப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி, அதை ஒட்டியே அதோட நர்சிங் காலேஜு. பேரெல்லாம் வேணாம். அங்கயே வேலை, அங்கயே எம்.எஸ்சி. படிப்பு, அங்கயே ஹாஸ்டல். ஹாஸ்டல் ஜன்னலைத் திறந்தா வார்டு தெரியும், வார்டு ஜன்னலைத் திறந்தா ஹாஸ்டல் தெரியும்.

என் பத்தாவது, பன்னெண்டாவது, பி.எஸ்சி. சர்டிஃபிகேட் எல்லாம் காலேஜ் ஆபீஸ் பீரோவுல பூட்டி இருக்குது. சேரும்போதே வாங்கி வச்சிட்டாங்க. ஆராய்ச்சியை முடிச்சு, கைடு மேடம் கையெழுத்து போட்டாதான் திருப்பித் தருவாங்க. "ஜெராக்ஸ் வேணா எடுத்துக்கோம்மா"ன்னு கிளார்க் ராஜகோபால் சார் பெரிய மனசு பண்ணுவாரு. அரசு நர்ஸ் வேலைக்கு எழுதின பரீட்சையில நான் பாஸு. திங்கட்கிழமை சென்னையில சர்டிஃபிகேட் சரிபார்ப்பு, ஒரிஜினல் இல்லன்னா உள்ளயே விடமாட்டாங்க. வெள்ளிக்கிழமை கையெழுத்து, சனிக்கிழமை பீரோ சாவி, திங்கட்கிழமை சென்னை. பத்து நாளா இதைத்தான் மந்திரம் மாதிரி சொல்லிக்கினு இருந்தேன்.

நாப்பத்தோராவது ஃபார்ம் பட்டம்மாள் அம்மாவோடது.

வயசு அம்பத்தாறு. பக்கவாதம் வந்து இடது கை, கால் விழுந்துபோச்சு. முழுங்க முடியாததால மூக்கு வழியா சாப்பாட்டு ட்யூப். பேச்சு கொஞ்சம் குழறும், ஆனா புரியும். பொண்ணு தேவகி ஸ்ரீபெரும்புதூர்ல கம்பெனி வேலை, சாயந்திரம் ஒரு மணி நேரம் வந்து பாத்துட்டுப் போவா. ட்யூபைப் பிடுங்கப் பாக்குறாங்கன்னு வலது கையை பேண்டேஜ் துணியால கட்டில் கம்பியோட கட்டி வச்சிருந்தாங்க. இடது கை வராது, வலது கையில கட்டு. யாரைப் பாத்தாலும் அந்தம்மா ஒரே கேள்விதான் கேக்கும்: "என்னை எப்பம்மா வுடுவாங்க?"

அதுக்கு எங்க வார்டுல ஒரே பதில். "பாக்கலாம்மா." வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே இது நாக்குல ஒட்டிக்கும். பொய்யும் இல்ல, நிஜமும் இல்ல. சொல்லிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிடலாம்.

அன்னிக்கு எனக்கு ஏக அவசரம். ஒப்புதல் படிவத்தைக் கடகடன்னு படிச்சேன். 'இந்த ஆய்வில் என் முழு விருப்பத்துடன் பங்கேற்கிறேன்.' கைநாட்டு வைக்கணும், கை கட்டியிருக்குது. கட்டை அவுத்தேன். விரல்ல மை தடவி அழுத்தினேன். பஞ்சால துடைச்சேன். திரும்பக் கட்டினேன். அப்புறம் பக்கத்துல நின்னுக்கினு இருபத்தஞ்சு கேள்வி கேட்டேன். "நர்ஸுங்க உங்க கஷ்டம் என்னன்னு கேக்குறாங்களா?" "எப்பவும் கேக்குறாங்கம்மா. தங்கமான பொண்ணுங்க." எல்லாத்துக்கும் 'எப்பவும்'. முழு மார்க். இப்படி ஒரு நோயாளி கிடைச்சாங்களேன்னு சந்தோஷப்பட்டேன் பாருங்க, அதை நெனச்சா இன்னிக்கும் என் கன்னத்துல நானே அறையலாம் போல இருக்குது.

"இப்ப வுட்டுடுவாங்களாம்மா?"

"பாக்கலாம்மா."

வியாழக்கிழமை காலையில கேஸ் ஷீட்டைப் பாத்து கடைசி விவரங்களை நிரப்பிக்கினு இருந்தேன். பட்டம்மாள் ஷீட்டுல எழுதியிருக்குது: 'குழப்பமான மனநிலை. கையைக் கட்டி வைக்கவும்.' என் ஃபார்ம்ல முதல் வரியில நானே டிக் அடிச்சிருக்கேன்: 'தெளிவான மனநிலையில் இருக்கிறார்.' ரெண்டும் ஒரே தேதி. கட்டி வைக்கிறதுக்கு அந்தம்மாவுக்குக் குழப்பம், என் ஆராய்ச்சிக்கு மட்டும் தெளிவு. ரெண்டுல ஒண்ணு பொய். எதுன்னு பாக்கலாம்னு எழுந்து போனேன்.

கொஞ்சம் தள்ளி நின்னு பாத்தேன். கட்டின கையோட விரல் மட்டும் வேலை செஞ்சுக்கினே இருந்துச்சு. போர்வை ஓரத்து நூலைப் பிடிச்சு ஒரு முறுக்கு, ஒரு தேய்ப்பு, விட்டுட்டு அடுத்த நூல். அடிப்பாவி துளசின்னு என்னையே திட்டிக்கினேன். ஐயம்பேட்டையில எங்கம்மா செய்ற வேலை இது. தறியில நீளவாக்குல ஓடுற பழைய பாவு நூல் முடியும்போது அதோட ஒவ்வொரு இழை நுனியையும் புதுப் பாவு நுனியோட சேத்து முறுக்கி ஒட்ட வைக்கணும். பாவு பிணைக்கிறதுன்னு சொல்லுவோம். டிவி பாக்கும்போது கூட எங்கம்மா விரல் முந்தானையில அதைத்தான் செய்யும். இந்தம்மா கைக்கு ட்யூப் எட்டியிருக்குது, அதையும் முறுக்கியிருக்காங்க. பிடுங்கப் பாக்கல.

"பாவு பிணைப்பீங்களாம்மா?"

விரல் நின்னுச்சு. அந்தம்மா என் முகத்தை நல்லா பாத்துச்சு. "முப்பது வருசம். நீ யாரு வூட்டுப் பொண்ணு?"

"ஐயம்பேட்டைம்மா. எங்கம்மாவும் பாவு பிணைக்கிறவங்கதான்."

"அப்ப தெரிஞ்சிக்கினேவா கட்டின?"

கட்டை அவுத்தேன். மணிக்கட்டுல சிவப்பா தடம் பதிஞ்சிருந்துச்சு. ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்து, அன்னிக்குக் கைநாட்டு வாங்கின பேப்பர் வீட்டுக்கு அனுப்புற பேப்பர் இல்ல, என் படிப்புக்கு வாங்கினதுன்னு உள்ளதைச் சொன்னேன்.

"நல்லா பாத்துக்குறாங்கன்னு சொன்னா வுட்டுடுவாங்கன்னு நெனச்சேன்"னுச்சு அந்தம்மா. கோபமா சொல்லல. அதுதான் தாங்க முடியல.

"இப்ப சொல்லுங்கம்மா. உங்களுக்கு இஷ்டம் இருந்தா வச்சுக்குறேன். வேணாம்னாலும் உங்களைப் பாத்துக்குறதுல ஒரு குறையும் வராது." இந்த வரியை அறுபது பேர்கிட்ட படிச்சிருக்கேன். அன்னிக்குத்தான் அது என் காதுல விழுந்துச்சு. திங்கட்கிழமை என் வேலை போயிடும்மான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா அந்தம்மா பாவம் பாத்து சரின்னுடும். பல்லைக் கடிச்சுக்கினு உக்காந்திருந்தேன். மனசு மட்டும் சரின்னு சொல்லு, சரின்னு சொல்லுன்னு கெஞ்சிக்கினு இருந்துச்சு.

"வேணாம்மா. என் கைநாட்டைத் திருப்பிக் குடுத்துடு."

கைடு அன்னம்மாள் மேடம்கிட்ட போய் நின்னேன். எங்களுக்கு நெறிமுறை பாடம் எடுக்கிறவங்க அவங்கதான். நோயாளியோட சம்மதம் இல்லாம அவங்க நிழலைக் கூட தொடக்கூடாதுன்னு வகுப்புல சொல்லுவாங்க.

"அறுபதுன்னு சொல்லித்தான் நெறிமுறைக் கமிட்டியில அனுமதி வாங்கியிருக்குது. அம்பத்தொம்பதுக்கு நான் எப்படி கையெழுத்து போடறது? புதுசா ஒருத்தரைச் சேக்கணும்னா கமிட்டி மறுபடி கூடணும். அது அடுத்த மாசம்." அப்புறம் கதவைச் சாத்திட்டு வந்து குரலைத் தாழ்த்தினாங்க. "துளசி, ஃபார்ம்ல கைநாட்டு இருக்குதில்ல? யாரு போய் அந்தம்மாவைக் கேக்கப் போறா? பேசாம வச்சிட்டுப் போம்மா. உனக்கு நல்ல எடம் கிடைக்கப் போகுது, கெடுத்துக்காதே."

மேடம் கெட்டவங்க இல்ல. என் மேல பாசத்துலதான் சொன்னாங்க. படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில்னு அவங்களை மனசுக்குள்ள திட்ட ஆரம்பிச்சேன். முடிக்கிறதுக்குள்ள அது என்னைச் சொன்ன மாதிரி ஆயிடுச்சு. கையைக் கட்டினது மேடம் இல்லையே.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் அந்த ஃபார்ம் என் ஃபைல்ல இருந்துச்சு. மூணு தடவை மேடம் ரூம் வாசல் வரைக்கும் போனேன். உள்ள வச்சா பீரோ திறக்கும். வெளிய எடுத்தா பூட்டு. ஒரு கைநாட்டு, ஒரு விரல் அகலம், அவ்வளவுதான். நாலாவது தடவை கால் தானா வார்டுக்குத் திரும்பிடுச்சு.

ஃபார்மை பட்டம்மாள் கையில குடுத்தேன். அந்தம்மா மையைத் தடவிப் பாத்துட்டு, "கிழிச்சுடலாமா?"ன்னுச்சு. ஒரு கையால எப்படிக் கிழிக்கிறது? "நீ அந்தப் பக்கம் புடி." நான் ஒரு பக்கம் பிடிச்சேன், அந்தம்மா ஒரு பக்கம் இழுத்துச்சு.

இன்சார்ஜ் சிஸ்டர் வந்து நின்னாங்க. "கட்டை யாரு அவுத்தது? ட்யூப் வந்துடுச்சுன்னா யாரு பொறுப்பு?"

"நான்தான் சிஸ்டர். என் பேரை எழுதிக்கோங்க."

ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் பட்டம்மாள்கிட்ட நாலு வார்த்தை பேசிப் பாத்தாரு. தெளிவாத்தான் இருக்காங்க, ஆள் பக்கத்துல இருந்தா கட்டு வேணாம்னாரு. இவ்வளவுதான் விஷயம். யாராவது பக்கத்துல உக்காரணும். வேலை முடிஞ்ச நேரத்துல நான் உக்காந்தேன், நான் இல்லாதப்ப பக்கத்துக் கட்டில் நோயாளியோட தங்கச்சி பாத்துக்கினாங்க. புண்ணுக்குக் கட்டுற காஸ் துணியைப் பிரிச்சு நூல் நூலா அந்தம்மா கையில குடுத்தேன். விரல் அதுபாட்டுக்கு முறுக்கிக்கினே இருந்துச்சு. ட்யூப் பக்கம் போகவே இல்ல.

மேடம் கையெழுத்து போடல. ராஜகோபால் சார் பீரோவைத் திறக்கல. திங்கட்கிழமை பத்து மணிக்கு நான் பட்டம்மாளுக்கு ட்யூப்ல கஞ்சி விட்டுக்கினு இருந்தேன். சென்னையில என் நம்பரைக் கூப்பிட்டிருப்பாங்க. முடிச்சிட்டு பாத்ரூம்ல போய் அழுதேன். அந்தம்மா மேல கூட ஆத்திரம் வந்துச்சு, ஏன் மறைக்கணும். ஒரு கைநாட்டுதானே, விட்டிருந்தா உனக்கு என்ன குறைஞ்சிருக்கும்னு மனசுக்குள்ள கத்தினேன். அப்புறம் முகத்தைக் கழுவிக்கினு திரும்ப வந்து உக்காந்தேன்.

செவ்வாய்க்கிழமை அந்தம்மா ரெண்டு ஸ்பூன் ரசம் சாதம் முழுங்கிச்சு. ட்யூபை எடுத்தாங்க. வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ். தேவகி லீவு போட்டுட்டு ஆட்டோவோட வந்திருந்தா. டிஸ்சார்ஜ் பேப்பரை நான் நீட்டினதும், பட்டம்மாள் விரலை மடக்கிக்கினாங்க.

"இது இன்னா பேப்பரு? முழுசா படி."

முழுசா படிச்சேன், மாத்திரை பேரு வரைக்கும். ரெண்டு இடத்துல நிறுத்தி அர்த்தம் கேட்டாங்க. அப்புறம் அவங்களே விரலை மையில வச்சு அழுத்தினாங்க. தேவகி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் தாங்கி ஆட்டோவுல உக்கார வச்சோம். ஆட்டோ கிளம்புற நேரத்துல அந்தம்மா என் கையைப் பிடிச்சுக்கினாங்க. என் யூனிஃபார்மைப் பாத்தாங்க, பின்னாடி இருக்கிற கட்டடத்தைப் பாத்தாங்க.

"உன்னை எப்பம்மா வுடுவாங்க?"

என்னை இதுவரைக்கும் யாரும் அதைக் கேட்டதில்ல. ஏதாவது சொல்லணும்னு பாத்தேன். வாயில வந்தது அந்த ஒரே வார்த்தைதான்.

"பாக்கலாம்மா."