நிற்காத முடிச்சு

டாக்டர் செல்வமேரி கண்ணை மூடி முப்பது மணி நேரம் ஆகியிருந்தது. பிரசவ வார்டு அவளை விட்டால்தானே. அந்தக் களைப்போடுதான் மகப்பேறு மேற்படிப்புக்குப் புதிதாகச் சேர்ந்த மூன்று டாக்டர்களுக்கு முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். நாற்காலிக் கைகளில் தையல் நூல்; மேசையில் தோலைத் தைத்துப் பழக ஒரு சீப்பு மலைவாழைப்பழம். சன்னலுக்கு வெளியே மேகம் இறங்கிக் கிடந்தது.

நாலு மணிக்குக் குஞ்சம்மாளுக்குக் கர்ப்பப்பை எடுக்க வேண்டும். மலையில் உள்ள போளூரில் பூண்டுக் காட்டில் வேலை செய்கிறவள். அறுவை செய்வது செல்வமேரி; கூட நிற்க இந்த மூவரில் ஒருவர் வேண்டும். யார் முடிச்சு நிற்கிறதோ அவர்.

ஒருவர் முடிச்சும் நிற்கவில்லை. யோகேஷ் போட்டது இழுத்ததும் வழுக்கியது. இந்து போட்டது அதைவிட மோசம்.

"உள்ள ரத்தக் குழாயில இப்பிடிக் கட்டுனா அந்தம்மா கதை முடிஞ்சுரும். அரை மணி நேரமா என்னத்தப் பாத்தீங்க?" என்று செல்வமேரி சீறினாள்.

கடைசியில் நின்ற மேனகா நூலைப் பார்த்தபடி சொன்னாள்: "மேடம், நீங்க செஞ்சதத்தான் நாங்களும் செய்றோம். மொதச் சுத்து போட்ட பக்கமே ரெண்டாவதையும் போடுறீங்க. எதிர்ப் பக்கம்தான போடணும்?"

மேடத்தின் தப்பை மேடத்திடமே சொல்கிற வழக்கம் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது? மற்ற இருவருக்கும் முன்பே தெரியும் என்பது அவர்கள் தலையைக் குனிந்துகொண்டதிலேயே தெரிந்தது.

செல்வமேரி தன் முடிச்சை இழுத்துப் பார்த்தாள். வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது. தூக்கத்தில்கூடப் போடுவேன் என்று பதினாறு வருடமாகப் பீற்றிக்கொண்ட முடிச்சு. கோபம் வரும் என்று பார்த்தாள். பயம்தான் வந்தது.

தலைமை மருத்துவர் சுரேந்திரனுக்குப் போன் செய்தாள்.

"சார், நாலு மணி கேஸ நான் இன்னைக்குச் செய்யல. கை தப்பாப் போகுது. நாளைக்கு வச்சுக்கலாம்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "மூணாவது தடவையா தள்ளுறோம். அந்தம்மாகிட்ட நீயே சொல்லிரும்மா."

குஞ்சம்மாள் காலையிலிருந்து பட்டினியாக, ஆஸ்பத்திரிப் பச்சைத் துணியில் தயாராக உட்கார்ந்திருந்தாள். சேதியைக் கேட்டதும் செல்வமேரியின் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லாத்தான இருக்கு தாயி. கூட இருக்க எம்மகளுக்கு இனி லீவு கெடைக்காது. நீங்களே வெரசா முடிச்சு விட்ருங்க. உங்கள நம்பித்தான வந்தேன்."

செய்துவிடலாம் என்றே செல்வமேரிக்கு ஒரு கணம் தோன்றியது.

"இன்னைக்கு மட்டும் என்னைய நம்பாதீங்கம்மா," என்றாள்.

குஞ்சம்மாள் அந்தக் கைகளை விட்டாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.