எண்ணெய் ஊறிய இடம்

தோலைக் கழற்றிய பெரிய டிரம், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லைன் வீட்டின் பின்வாசலில் வெறும் மரக்கூடாகக் கிடந்தது. சீதாலெட்சுமி அதன் பழைய பச்சைப் பெயிண்டைத் தகட்டால் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் அண்ணன் நாகையா ரயில் பெட்டிகளுக்குப் பெயிண்ட் அடிப்பவன். பக்கிரிசாமியின் பேண்டு செட்டுக்காக இந்த டிரம்முக்குச் சிவப்பு அடித்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தான். தேய்த்துக் கொடுப்பது அவள் பாடு.

மேல்பக்கத்தில் ஓரிடம் மட்டும் கருத்து வழவழவென்று இருந்தது. செட்டில் இதை அடித்தவன் கன்னையா. கல்யாண வீடுகளில் வாசித்து ஓய்ந்ததும் டிரம்மை அணைத்தபடி அதன்மேல் தலைசாய்த்துத் தூங்கிவிடுவான். தலையில் வழிய வழியத் தேங்காயெண்ணெய். அது பெயிண்டைத் தின்று மரத்துக்குள்ளேயே இறங்கிவிட்டது. ரப்பர் விலை விழுந்து, வேலையற்ற ஆட்களைத் தாய்நாட்டுக்குத் திருப்பிக் கப்பலேற்றிய வருஷம், அவனும் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் ஏறிப் போனான். "நெலம சரியானா வந்துருவேன், புள்ள" என்று வேலியோரம் நின்று சொன்னது அவளிடம் மட்டும்தான்.

மூக்கைக் கிட்டே கொண்டுபோனாள். இன்னும் வாசனை இருந்தது.

"அந்தக் கருப்ப சோடாத் தண்ணி ஊத்தித் தேச்சியா?" வேலை முடிந்து வந்த நாகையா கேட்டான்.

"தேச்சேண்ணே."

அவன் முதல் பூச்சு பூசினான். மறுநாள் எல்லா இடமும் காய்ந்திருந்தது. ஒரு தலை சாயும் அளவுக்கு மட்டும் ஈரம். அதற்கு மறுநாளும் அப்படியே. நாகையா தொட்டுப் பார்த்தான். விரலில் சிவப்பு ஒட்டியது.

"எண்ணெ இருந்தா பெயிண்ட் காயுமா? என்ன, டிரம்முக்குத் தல வாரி விடப்போறியா?"

அந்த இடத்தில் அவள் சோடாத் தண்ணீரை ஊற்றவே இல்லை. அவன் விரலைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"கன்னையாவா?"

தலையாட்டினாள்.

"தாக்கல், கடுதாசி ஏதும் உண்டா?"

"இல்ல."

"இப்படியே விட்டா உரிஞ்சி போகும். ஊர்வலத்துல மழ பேஞ்சா தண்ணி எறங்கிக் கட்ட வெடிச்சிரும். அப்புறம் அவன் வந்தாலும் எத அடிப்பான்? ஒன் அண்ணன் முதுகையா?"

சிரித்துவிட்டாள். ஆனால் எழுந்திருக்கவில்லை. கிள்ளான் பக்கம் போகும் ரயில் ஊதியது. அந்தத் தண்டவாளம் துறைமுகத்தோடு முடிந்துவிடும். அப்பால் அவள் கண்டிராத கடல். கடலுக்கும் அப்பால், பேர் மட்டுமே கேட்ட ஓர் ஊரில், அவன் இப்போது எதன்மேல் தலைசாய்க்கிறானோ!

ஈரப் பூச்சை வழித்தெடுத்தாள். வெந்நீரில் சோடாவைக் கரைத்து ஊற்றித் தேய்த்தாள். பழுப்பு நீர் மணிக்கட்டு வழியாக ஒழுகியது. மரம் வெளுக்கும்வரை விடவில்லை. பிறகு நல்ல தண்ணீரில் கழுவி வெயிலில் வைத்தாள்.

அது காய்ந்ததும் நாகையா பெயிண்ட் டப்பாவைத் திறந்தான்.

"எத்தன பூச்சு அடிச்சா ரொம்ப வருசம் தாங்கும்ணே?"

"மூணு போதும்" என்றவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "அஞ்சே அடிக்கிறேன்" என்றான்.