மூடியவர் திறக்கும்வரை

குழாய்க்காரரின் வலது விலாவில் குழாயொன்று செருகப்பட்டிருந்தது. முப்பது ஆண்டுகள் பிறர் வீடுகளில் குழாய் பொருத்தியவருக்கு நேர்ந்த மரியாதையைப் பார்த்து வார்டே ஒருமுறை சிரித்து ஓய்ந்துவிட்டது. நுரையீரல் உறையில் கண்ட அழற்சியால் அங்கே நீர் கோத்திருந்தது. கிருமியை மடக்குவதாக எண்ணி உடம்பு இழை இழையாகச் சுவரெழுப்ப, நீர் அறை அறையாகப் பிரிந்து நின்றது. குழாய் இருந்த அறை வடிந்தது, மற்றவை அசையவில்லை.

அவ்விழைகளைக் கரைக்கும் நொதி மருந்தை மருத்துவர் பன்னிரண்டு மணிக்குக் குழாய் வழியே செலுத்தினார். கரையாவிட்டால் மார்பைத் திறக்க நேருமென்றும் சொன்னார். மருந்து உள்ளே ஊறும்வரை குழாய் மூடியிருக்கவேண்டும். எவ்வளவு நேரம் என்பதைச் செவிலியிடம் கூறினாரேயன்றி, நெஞ்சுக்குச் சொந்தக்காரரிடம் கூறவில்லை. செவிலி குழாயில் கவ்வியை மாட்டினாள். அடிக்கடி புரண்டு படுக்கச் சொன்னாள்.

"நான் வந்து தொறக்கிற வரைக்கும் இதுல கை வைக்கக் கூடாது, ஐயா."

இரண்டு மணிக்கு அவளுடைய பணிநேரம் முடிந்தது. அவள் போய்விட்டாள்.

மூன்று மணிக்கு அவருக்கு மூச்சு பாதியிலேயே முட்டி நின்றது. அடுத்து வந்த செவிலி கோப்பைப் புரட்டினாள். 'குழாய் மூடப்பட்டது' என்று அழகிய கையெழுத்தில் இருந்தது. திறக்கும் நேரம் இல்லை. மருத்துவரோ அறுவை அரங்கில் இருந்தார். எழுதாததை எப்படிச் செய்வதென்று அவள் கேட்டாள். ஒரு மனிதர் மூச்சுத் திணறுவதைக் காட்டிலும் ஒரு காகிதம் பேசாதிருப்பது பெரிதாகிவிடும் இடங்களும் உலகில் இருக்கின்றன.

கவ்வி அவருடைய கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அடுத்தவர் மூடிய வால்வைத் திறக்கலாகாது என்பது அவருடைய தொழிலின் சட்டம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதை மீறி, சுவருக்கு அப்பால் வேலை செய்த கூட்டாளியின் கையைக் கொதிநீரில் வேகவைத்தவர் அவர். இப்போதோ, முன்கூட்டித் திறந்தால் மருந்து வீணாகும், பிறகு கத்திதான். விரல்கள் கவ்விவரை சென்று திரும்பின.

"ஊரான் வீட்டுக் குழாய்க்கெல்லாம் ஓடுவீங்க. உங்க குழாய்க்கு நான்தான் ஓடணும்," என்று சொல்லிவிட்டு மனைவி புறப்பட்டாள்.

பின்புறத்துச் செவிலியர் விடுதியில் தலை குளித்து நின்ற காலைச் செவிலியை, ஈரக் கூந்தலோடு கையைப் பிடித்து அழைத்துவந்தாள்.

"இன்னும் தொறக்கலியா? ரெண்டு மணிக்கே தொறக்கணும்னு டாக்டர் சொன்னாரே!"

கவ்வி விடுபட்டதும் கலங்கிய மஞ்சள் நீர் புட்டிக்குள் பாய்ந்தது. எழுதாதவள் மீது குற்றமா, கேட்காதவள் மீது குற்றமா என்று செவிலியர் இருவரும் கட்டிலின் இருபுறமும் நின்று வழக்காடினர். நடுவில் கிடந்தவர் சிறிது சிறிதாக மூச்சை மீட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் எக்ஸ்ரேயில் பெரும்பகுதி தெளிந்திருந்தது. அடியில் ஓர் அறை மட்டும் எஞ்சியிருந்தது. இன்னொருமுறை மருந்து, மறுபடியும் மூடவேண்டும் என்றார் மருத்துவர். வேறொரு செவிலி கவ்வியோடு குனிந்தாள். அவர் குழாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

"சிஸ்டர், உங்க டியூட்டி எத்தனை மணிக்கு முடியுது?"