மேஸ்திரிக்குக் கோபம் வந்தால் தரை சாயும்

மேஸ்திரிக்குக் கோபம் வந்தால் வார்டின் தரை அவர் பக்கமாகச் சாய்ந்துவிடும். குற்றம் செய்த மனநோயாளிகளைப் பூட்டி வைத்திருந்த அந்த மருத்துவமனையில் இது எல்லோருக்கும் தெரியும். பழைய கட்டடம் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். கட்டட மேஸ்திரியாக இருந்தவர்; புத்தி கலங்கியிருந்தபோது சொந்தத் தம்பியைச் சுத்தியலால் அடித்துக் கொன்று அங்கே வந்தவர் அவர். அவர் கையை ஓங்கினால் விதிப்படி ஊழியர்கள் ஐந்து பேர் ஓடிப்போய் அவரைப் பிடிக்க வேண்டும், நால்வர் ஆளுக்கொரு கை அல்லது கால், ஐந்தாமவர் தலை. சாய்ந்த தரையில் ஓடியவர்களால் நிற்க முடியாது. சறுக்கிப்போய் அவர் மேல் விழுவார்கள், அவர் அடிப்பார், பிறகு கட்டிலோடு கட்டுவார்கள். வருஷங்கள் இப்படியே போயின. "எல்லாரும் என் மேல வந்து விழுறாங்க" என்று அவர் சொன்னதை டாக்டர்கள் நோயின் அறிகுறியாகவே எடுத்துக்கொண்டார்கள். இன்னொருவரை அடித்தால் ஆயுசுக்கும் ஜன்னலில்லாத தனியறைதான் என்று முடிவானது.

மேஸ்திரி இத்தனை வருஷம் கூடவே வைத்திருந்த தம்பியின் போர்வையைச் சலவைக்காரர் கேட்காமல் எடுத்துப்போன காலையில் தரை சாய்ந்து டம்ளர்கள் உருண்டன. ஓடிய ஐவரில் ஒருத்தி, முன்பு அவரிடம் அடிவாங்கித் தாடை கோணிப்போன நர்ஸ். அவரை வெறுப்பதாகத்தான் இத்தனை காலம் நினைத்திருந்தாள். சரிவில் கால்கள் தாமாக அவரை நோக்கி ஓடியபோதுதான் அது வெறுப்பில்லை, வெறும் பயம் என்று தெரிந்தது. பயந்துகொண்டு ஓடுவதைவிடப் பயந்துகொண்டு உட்காருவது அவளுக்குச் சுலபமாகப் பட்டது. தரையில் உட்கார்ந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன சிஸ்டர், பந்தியா போட்டிருக்கு?" என்று கத்தினார் சறுக்கிக்கொண்டிருந்த காவலாளி.

"நீங்களும் உட்காருங்கண்ணே! தரை இழுக்குது, தெரியல?"

ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். விழ ஆளில்லாமல் மேஸ்திரியின் கை அந்தரத்தில் நின்றது.

"நீங்க ஏன் விழல சிஸ்டர்?"

"கெட்டியா பிடிச்சிருக்கேன் மேஸ்திரி. போர்வை சலவைக்குத்தான் போயிருக்கு, நானே வாங்கித் தரேன்."

அவர் அழுதார். தரை மெல்ல ஏறி மட்டமானது. மூக்கைத் துடைத்துக்கொண்டு குனிந்து, ஒற்றைக் கண்ணை மூடித் தரையின் மட்டம் பார்த்து, "இப்ப சரியா இருக்கு" என்றார்.

அன்று அவர் யாரையும் அடிக்கவில்லை, அதன்பிறகும் அடிக்கவில்லை. ஆய்வுக்கு வந்த பெரிய அதிகாரிகூட, தரை சாய்ந்து நர்ஸ் "உட்காருங்க சார்" என்றதும் கோட்டோடு தரையில் உட்கார்ந்தார். மேஸ்திரி இப்போது பூட்டில்லாத வார்டில் இருக்கிறார். எப்போதாவது அங்கேயும் தரை சாய்கிறது. அதனால் கட்டில்களில் சக்கரம் வைப்பதில்லை, டம்ளரைப் பாதிக்கு மேல் நிரப்புவதில்லை. அவருக்கென்று ஒதுக்கியிருந்த அந்த ஜன்னலில்லாத தனியறையில் துவைத்த போர்வைகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.