தனியாக ஏறியவரும் நாங்கள் நால்வரும்

சோமோலுங்மாவில், அதாவது ஊரார் எவரெஸ்ட் என்று சொல்லும் எங்கள் மலையில், தன்னந்தனியாக ஏறப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டு ரோலண்ட் பிக்கரிங் சார் வந்தபோது, அவருடைய மூட்டைகளைச் சுமக்க எங்கள் போர்ட்சே ஊரில் இருந்த யாக் மாடுகள் போதவில்லை.

நூறு வருஷத்துக்கு முந்தைய துரைகளைப் போல கம்பளிக் கோட்டும் ஆணியடித்த பூட்ஸும் போட்டுக்கொண்டு, யார் துணையுமில்லாமல் உச்சியைத் தொட வேண்டும் என்பது அவர் ஆசை. யார் துணையுமில்லாமல் என்றால் நாங்கள் நான்கு ஷெர்பாக்கள்: தலைவர் கியால்சென் அண்ணன், சேவாங், நுர்பு, நான்.

அடிவார முகாமில் தினமும் நாங்கள் பூண்டு சூப் குடிக்கும் நேரத்தில் எங்கள் மலையின் சரித்திரத்தை எங்களுக்கே பாடம் நடத்தினார். எந்தத் துரை எந்த வருஷம் எதுவரை ஏறினார், யாருக்கு இருமல், யார் என்ன புகைத்தார், எல்லாம் அத்துப்படி.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்திரண்டாம் வருஷம் பனிச்சரிவுல நம்ம ஆளுங்க ஏழு பேர் செத்தாங்களே சார், அவங்க பேரு என்ன?" என்று சேவாங் கேட்டான்.

சார் யோசித்தார். "போர்ட்டர்கள்" என்றார்.

"ஏழு பேருக்கும் ஒரே பேரா? வீட்ல ஒருத்தன சாப்பிடக் கூப்பிட்டா ஏழு பேரும் வந்து நின்னிருப்பானுங்களே!" என்று சேவாங் எங்கள் மொழியில் சொன்னான். நாங்கள் சிரித்தோம். எதற்கென்று தெரியாமல் சாரும் சிரித்தார்.

ஏறத் தொடங்கியதும் அவரைப் படமெடுக்க ட்ரோன் பறந்தது. அதன் சத்தம் கேட்டால் நாங்கள் மறைந்துவிட வேண்டும். வெறும் பனிவெளியில் எங்கே மறைவது? ஒரு மேட்டுக்குப் பின்னால் குப்புறப் படுத்தோம்.

"டேய் நுர்பு, உன் பின்பக்கம் தெரியுதுடா. இறக்கு!"

"இதுக்கு மேல இறக்கணும்னா அறுத்துத்தான் எறியணும் அண்ணே."

கடைசி முகாமுக்கு மேலே, படத்தில் முகம் தெரிய வேண்டுமென்று சார் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. மதியத்துக்கு மேல் பனியின் கூசும் வெளிச்சத்தில் கண் எரிந்து பார்வை போயிற்று. உச்சி இன்னும் எட்டாத தூரத்தில் இருந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் ஆக்சிஜனை அவர் முகத்தில் மாட்டினோம். அவருடைய கம்பளிக் கையுறை பனிக்கட்டியாகியிருந்தது. சேவாங் தன்னுடையதைக் கழற்றி அவருக்குப் போட்டான். தூக்கப் பைக்குள் திணித்து, கயிறு கட்டி, இழுத்தும் தூக்கியும் இறக்கினோம். நுர்பு வழியெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டினான்.

"ஏன்டா திட்டுற? தனியா ஏறுறேன்னுதான சொன்னாரு. தனியா இறங்குறேன்னு சொல்லலையே" என்றான் சேவாங்.

காத்மாண்டுவில் பத்திரிகையாளர் கூட்டம். அதற்குள் சாருக்குப் பார்வை திரும்பியிருந்தது. "இறங்கும்போது கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று என்னைத் தாங்கிக்கொண்டு வந்தது. மலையின் ஆவியாக இருக்கலாம்" என்று உருகினார். சாருக்கு வெள்ளைத் துண்டு போர்த்த மேடைக்கு அழைக்கப்பட்ட கியால்சென் அண்ணன், போர்த்திவிட்டு மைக்கைப் பிடித்துக்கொண்டார்.

"சார், அந்த ஆவிகிட்ட பூண்டு சூப் வாசம் அடிச்சுதா?"

சார் யோசித்து, "அடித்தது" என்றார். பாவம், உண்மையைச் சொல்லிவிட்டார்.

"ஏதாவது பேசுச்சா?"

"பேசியது. ஆனால் மொழி புரியவில்லை."

"அது நல்லதாப் போச்சு சார்." அரங்கம் சிரித்து ஓய்ந்ததும் அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "அந்த ஆவிக்கு விரல் கறுத்துப்போச்சு. பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரிலதான் படுத்திருக்கு. ஒரு எட்டு வந்து பாருங்க."

சார் முகம் சிவந்தது. ஆனால் வரவில்லை, மறுநாள் விமானம் ஏறிவிட்டார். பிறகு வந்த அவர் புத்தகத்தில் ஆவிக்கு ஒரு முழு அத்தியாயம் ஒதுக்கியிருந்தார்.

சேவாங்குக்கு இரண்டு விரல்களின் நுனியை எடுத்துவிட்டார்கள். இந்த வருஷம் அவனும் மறுபடி ஏறுகிறான். பெல்ஜியத்திலிருந்து ஒருவர் வருகிறார், பின்பக்கமாகவே நடந்து உச்சி ஏறும் முதல் மனிதராக.

"நல்லதுதான். நாம பின்னாடி வர்றவங்க. இந்த ஆளு நம்ம மூஞ்சியப் பார்த்துத்தான ஆகணும்" என்கிறான் சேவாங்.

உருளைக்கிழங்கு நட்டு முடித்ததும் நானும் கிளம்ப வேண்டும்.